வயிற்றுக்குள்ளேயே சிக்கும் குடல்: அரிய உட்குடலிறக்கத்தால் வரும் அடைப்பைக் கண்டறிந்து சிகிச்சை அளிக்கும் முறை

குடலிறக்கம், அதாவது ஹெர்னியா, என்றதும் இடுப்பு மடிப்பிலோ தொப்புளிலோ புடைத்து நிற்கும் வீக்கமே நினைவுக்கு வருகிறது. கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் முடிகிற அந்த வகையைத் தவறவிடுவது அரிது. உட்குடலிறக்கம் அப்படிப்பட்டதன்று. வயிற்றறைக்கு வெளியே எதுவும் வராமல், வயிற்று உள்ளுறையிலோ மெசென்டரி எனப்படும் குடல்தாங்கியிலோ உள்ள ஒரு துளைக்குள் அல்லது பள்ளத்துக்குள் குடல் நுழைந்து மாட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வயிறு பெரும்பாலும் இயல்பாகவே தோன்றும். சிறுகுடல் அடைப்புகளில் இதன் பங்கு 0.6 முதல் 5.8 சதவீதம் வரை என்று கணக்கிடப்பட்டுள்ளது. எண்ணிக்கை சிறிதானாலும், துளைக்குள் நுழைந்த குடல் முறுக்கிக்கொண்டால் அதன் ரத்த ஓட்டம் சில மணி நேரத்தில் நின்றுவிடக்கூடும் என்பதால், இதைக் கடைசியில் நினைப்பவரின் நோயாளி குடலை இழக்கிறார், சில வேளைகளில் உயிரையும் இழக்கிறார். அவசரப் பிரிவிலும் அறுவைப் பிரிவிலும் பணிபுரியும் இளம் மருத்துவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். உடல்நிலை பற்றிய ஐயத்தோடு இதைப் படிக்க நேர்ந்தவர்கள், விடாத வயிற்று வலியும் வாந்தியும் இருந்தால், வாசிப்பை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

துளைகள் எங்கே இருக்கின்றன

இந்த நோயைக் கண்டறிவதன் அடிப்படை உடற்கூற்றியலே. எந்த இடத்தில் துளை இருக்கக்கூடும், அதன் விளிம்பில் எந்த ரத்தக் குழாய் ஓடுகிறது என்பது தெரியாவிட்டால் ஸ்கேன் படமும் பேசாது, அறுவை அரங்கில் கத்தியும் தவறான பக்கம் போகும்.

பிறவியிலேயே அமையும் வகைகளில் முதலிடம், டியோடினம் என்னும் முன்சிறுகுடலை ஒட்டிய பள்ளங்களுக்கு உரியது. நோயியல் அறிஞர் வென்செல் டிரைட்ஸ் 1857-இல் விரிவாக எழுதிய காலம் முதல் மருத்துவ நூல்களில் இடம்பெற்றுவரும் இவ்வகை, பழைய தொகுப்புகளில் மொத்த உட்குடலிறக்கங்களில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. அதில் நான்கில் மூன்று பங்கு இடப்பக்கத்தில் வருகிறது. முன்சிறுகுடலின் நான்காம் பகுதிக்கு இடப்பக்கத்தில், கீழ்க் குடல்தாங்கிச் சிரைக்குப் பின்னால் அமைந்திருக்கும் லான்ட்சர்ட் பள்ளத்துக்குள் குடல் நுழைகிறது; அதன் முன் விளிம்பில் அந்தச் சிரையும் இடப் பெருங்குடல் தமனியின் மேலேறும் கிளையும் ஓடுகின்றன. வலப்பக்க வகையில் வால்டேயர் பள்ளம் மேல் குடல்தாங்கித் தமனிக்குப் பின்னால், முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதிக்குக் கீழே இருக்கிறது. கருவில் குடல் முழுமையாகச் சுழலாமல் நின்றுபோனவர்களிடம் இந்த வலப்பக்க வகை அதிகம் காணப்படுகிறது. முழுச் சிறுகுடலுக்கும் ரத்தம் தரும் தமனியே துளையின் வாயிலில் நிற்கிறது என்பதை அறுவைப் பகுதியில் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

வின்ஸ்லோ துளை எல்லா மனிதரிடமும் இயற்கையாகவே உள்ள வாயில். அதன் முன்புறம் குடலின் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை, கல்லீரல் தமனி, பித்தநாளம் ஆகிய மூன்றும், பின்புறம் கீழ்ப் பெருஞ்சிரையும் உள்ளன. துளை வழக்கத்தைவிடப் பெரிதாகவும், குடல்தாங்கி நீளமாகவும், வலப் பெருங்குடல் பின்சுவரோடு ஒட்டாமலும் இருப்பவர்களிடம் சிறுகுடலோ, பெருங்குடலின் தொடக்கப் பையான சீக்கமோ இதன் வழியே இரைப்பைக்குப் பின்னுள்ள அறைக்குள் போய்விடுகிறது. சீக்கத்தைச் சுற்றியுள்ள பள்ளங்கள், சிக்மாய்டு பெருங்குடலின் தாங்கியில் உள்ள பள்ளமும் பிளவும், ஓமென்டம் என்னும் கொழுப்புத் திரையில் உள்ள துளை, கருப்பையின் இருபுறமும் விரிந்திருக்கும் அகன்ற மடிப்பில் உள்ள கிழிசல், சிறுநீர்ப்பைக்கு மேலுள்ள பள்ளம், கல்லீரலின் அரிவாள் மடிப்பில் உள்ள துளை என்று இன்னும் அரிதானவையும் உண்டு.

இவற்றிலிருந்து தனித்து நிற்பது சிறுகுடலின் தாங்கியிலேயே விழும் துளை. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் பிறவித் துளைகள் பெரும்பாலும் 2 முதல் 5 செ.மீ. அளவில், முன்சிறுகுடலின் முடிவைத் தாங்கும் டிரைட்ஸ் தசைநாருக்கு அருகிலோ சிறுகுடல் முடிவுக்கு அருகிலோ இருக்கின்றன. மேலே சொன்ன பள்ளங்களில் நுழையும் குடலைச் சுற்றி ஒரு பை இருக்கும். இங்கே பை கிடையாது. தடுக்க எதுவும் இல்லாததால் நீண்ட குடல் பகுதி வேகமாக உள்ளே போய் முறுக்கிக்கொள்கிறது. எல்லா வகைகளிலும் நான் மிக அஞ்சுவது இதற்குத்தான்.

இன்று பிறவி வகைகளைவிட அடிக்கடி எதிர்ப்படுவது அறுவைக்குப் பின் உருவாகும் துளைகள். உடல் பருமனுக்காக இரைப்பை மாற்றுவழி (கேஸ்ட்ரிக் பைபாஸ்) அறுவை செய்துகொண்டவர்களிடமும், கல்லீரல் மாற்று அறுவையில் பித்தநாளத்தோடு குடலை இணைத்தவர்களிடமும், இரைப்பையை அகற்றியவர்களிடமும் குடலை இடம் மாற்றி இணைத்ததால் புதிய இடைவெளிகள் உண்டாகின்றன. மேலே கொண்டுவந்த குடலின் தாங்கிக்கும் குறுக்குப் பெருங்குடலின் தாங்கிக்கும் இடையே உள்ள இடைவெளியை வால்தர் பீட்டர்சன் 1900-இல் விவரித்தார். அது இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. குடலும் குடலும் இணையும் இடத்தில் தாங்கியில் விடும் பிளவு இன்னொன்று. குறுக்குப் பெருங்குடல் தாங்கியைத் துளைத்துக் குடலைக் கொண்டுபோயிருந்தால் மூன்றாவதும் உண்டு. எடை குறையக் குறையத் தாங்கியில் உள்ள கொழுப்பு கரைவதால், அறுவையின்போது சிறிதாக இருந்த இடைவெளி ஓரிரு ஆண்டுகளில் வாய் பிளந்துவிடுகிறது.

நோயாளியின் அருகில்

இரண்டு வகை நோயாளிகளைப் பார்த்தால் உட்குடலிறக்கம் என்ற சொல் உடனே மனத்தில் எழ வேண்டும். ஒருவர், வயிற்றில் எந்த அறுவைத் தழும்பும் இல்லாமல், வெளிப்புற ஹெர்னியாவும் இல்லாமல், சிறுகுடல் அடைப்போடு வருபவர். குடல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒட்டுத்தழும்பு உருவாக அங்கே பெரும்பாலும் காரணமில்லை; ஆகவே ஒட்டு என்று எழுதிவிட்டுக் காத்திருப்பதற்கும் நியாயமில்லை. மற்றவர், எத்தனை ஆண்டுகளுக்கு முன்பானாலும், இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர். இவருடைய தழும்புகள் அரை அங்குல அளவில் இருக்கும். கேட்டால் ஒழியச் சொல்லமாட்டார். எடை குறைப்பதற்காக ஏதேனும் அறுவை செய்துகொண்டீர்களா என்று வாய் திறந்து கேட்பது பல நேரங்களில் நோயைக் கண்டறிவதற்கே சமம்.

முந்தைய கதையைப் பொறுமையாகக் கேளுங்கள். உண்ட சிறிது நேரத்தில் மேல் வயிற்றிலோ தொப்புளைச் சுற்றியோ பிசைவது போன்ற வலி வந்து, தானே அடங்கிப்போன நிகழ்வுகள் பல மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ இருந்திருக்கலாம். குடல் உள்ளே போவதும் தானே வெளியே வருவதும்தான் அந்த வலியின் காரணம். இந்த இடைவெளிகளில் எடுத்த எண்டோஸ்கோப்பி முதலிய பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்ததால், அந்த நோயாளி அமிலச் சுரப்பு என்றும் பதற்றம் என்றும் பெயர் சூட்டப்பட்டே வந்திருப்பார். வின்ஸ்லோ துளை வகையில் முன்னே குனிந்து உட்கார்ந்தால் வலி குறைவதாகச் சிலர் சொல்வதுண்டு. சீக்கத்தைச் சுற்றிய வகையில் வலி வலக் கீழ் வயிற்றில் இருப்பதால் குடல்வால் அழற்சி என்று தவறாக முடிவு செய்ய இடமுண்டு.

பரிசோதனையில் கவனிக்க வேண்டிய முதன்மையான அடையாளம், நோயாளி சொல்லும் வலிக்கும் தொடும் கை உணர்வதற்கும் இடையே உள்ள பொருத்தமின்மை. நோயாளி துடிக்கிறார், வயிறோ மென்மையாக இருக்கிறது. வயிறு விறைப்பதும், தொட்டால் வலிப்பதும், காய்ச்சலும், நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டுவதும் குடல் இறந்துகொண்டிருப்பதன் அறிகுறிகள். அவற்றுக்காகக் காத்திருப்பவர் தாமதமாக வந்து சேர்கிறார். விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறியது எப்போது என்று கேட்டு நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். ரத்த ஓட்டம் தடைபட்ட நேரத்துக்கு நம் கையில் கிடைக்கும் மிக அருகிலான மதிப்பீடு அதுவே. இடுப்பு மடிப்பு, தொடை மடிப்பு, தொப்புள் ஆகியவற்றைத் துணி விலக்கிப் பார்த்து வெளிப்புற ஹெர்னியா இல்லை என்று உறுதி செய்வதும் விட்டுவிடக் கூடாத வேலை.

மாற்றுவழி அறுவை செய்தவர்களிடம் இன்னொரு பொறி இருக்கிறது. இரைப்பையின் பெரும்பகுதியும் முன்சிறுகுடலும் உணவுப் பாதையிலிருந்து ஒதுக்கப்பட்டிருப்பதால், அந்தப் பித்தநீர்க் கிளையில் அடைப்பு ஏற்பட்டால் வாந்தியே இல்லாமல் போகலாம். மலமும் வாயுவும் வழக்கம்போல வெளியேறும். அவருடைய ரத்தத்தில் அமைலேஸ், லைப்பேஸ், கல்லீரல் நொதிகள் உயர்ந்திருப்பதைப் பார்த்துக் கணைய அழற்சி என்று சேர்த்துவிடுவது நேரக்கூடிய பிழை.

ரத்தப் பரிசோதனைகள்

வெள்ளணுக்கள், கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், ரத்த வாயு, லாக்டேட், அமைலேஸ், ரத்த வகை ஆகியவற்றை எடுத்துவிடலாம். கருவுறும் வயதுப் பெண்களுக்குக் கருத்தரிப்புச் சோதனையும் வேண்டும். ஆனால், ரத்தம் குறைந்த திசுவில் சேரும் லாக்டேட் இயல்பாக இருக்கிறது என்பதைக் குடல் நலமாக இருக்கிறது என்று படிக்கக் கூடாது. முறுக்கிய குடலிலிருந்து ரத்தம் திரும்பி வராதபோது அங்கு உருவாகும் லாக்டேட் பொது ரத்த ஓட்டத்தை எட்டுவதே தாமதமாகிறது. எட்டியதையும் கல்லீரல் ஒரு பகுதி அகற்றிவிடுகிறது. உயர்ந்த மதிப்பு எச்சரிக்கை. இயல்பான மதிப்பு எதற்கும் உத்தரவாதமன்று.

சி.டி. ஸ்கேனை எப்படிப் படிப்பது

சாதாரண எக்ஸ்-ரே அடைப்பு இருக்கிறது என்று சொல்லலாம். ஏன் என்று சொல்லாது. ரத்தம் பாயும் இடங்களைப் படத்தில் வெண்மையாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் சிரை வழியாகச் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் இங்கே முடிவெடுக்க உதவும் கருவி. மருந்து செலுத்துமுன் எடுக்கும் படமும் இருந்தால் நல்லது. குடல் சுவர் அதிலேயே வெண்மையாகத் தெரிந்தால் சுவருக்குள் ரத்தக் கசிவு என்று ஐயுறலாம், பின்னர் எடுக்கும் படத்தில் அது கான்ட்ராஸ்ட்டால் வந்த வெண்மை என்று ஏமாறவும் மாட்டோம். வாய்வழிக் கான்ட்ராஸ்ட் தேவையில்லை. அடைப்புள்ள குடலில் ஏற்கனவே நிற்கும் நீரே போதிய வேறுபாட்டைக் காட்டுகிறது. மேலும் குடித்த மருந்தின் வெண்மை, குடல் சுவரில் ரத்தம் பாய்கிறதா என்பதை மறைத்துவிடும். சிறுநீரகம் பற்றிய தயக்கத்தால் கான்ட்ராஸ்ட் இல்லாமல் படம் எடுத்து, விடை தெரியாமல் இரவு முழுவதும் காத்திருப்பதை நான் ஏற்பதில்லை.

படத்தைக் குடலிலிருந்து தொடங்காமல் ரத்தக் குழாய்களிலிருந்து தொடங்குவது நல்லது. மேல் குடல்தாங்கித் தமனியையும் சிரையையும் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கிப் போங்கள். குழாய்களும் கொழுப்பும் ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்வது போலத் தெரிந்தால் அதுவே சுழல் அடையாளம். மாற்றுவழி அறுவை செய்தவர்களிடம் எல்லா அடையாளங்களிலும் அதிக நம்பிக்கைக்குரியது இதுவே. குழாய்கள் ஓரிடத்தில் நெருக்கப்பட்டு, நீண்டு, விசிறிபோல விரிந்து ஒரு வாயிலை நோக்கிக் குவிந்தால் அந்த வாயில்தான் துளை. மேல் குடல்தாங்கிச் சிரை பறவை அலகுபோலக் கூர்ந்து ஒடுங்குவதும் இதே பொருளைத் தருகிறது. பிறகு குடலுக்கு வாருங்கள். 2.5 முதல் 3 செ.மீ.க்கு மேல் விரிந்த சிறுகுடல் வளையங்கள், ஒரு பைக்குள் திணித்ததுபோல, இருக்கக் கூடாத இடத்தில் கொத்தாக நிற்கின்றனவா என்று பாருங்கள். அடைப்புத் தொடங்கும் இடமும் முடியும் இடமும் அருகருகே இருந்து, இடையிலுள்ள குடல் ஆங்கில ‘சி’ அல்லது ‘யூ’ வடிவில் வளைந்திருந்தால் அது மூடிய வளையம். இரு முனையும் கட்டப்பட்ட குடல் தானே திறந்துகொள்வது அரிது.

எந்தத் துளை என்பதை அண்டை உறுப்புகளின் இடமாற்றமே சொல்லும். கொத்து இரைப்பைக்கும் கணையத்துக்கும் இடையே, இடப்பக்கத்தில் நின்று, இரைப்பையின் பின்சுவரை முன்னே தள்ளி, கீழ்க் குடல்தாங்கிச் சிரை அதன் முன் விளிம்பில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தால் லான்ட்சர்ட் பள்ளம். முன்சிறுகுடலின் இறங்கு பகுதிக்கு வெளியேயும் கீழேயும் வலப்பக்கத்தில் கொத்து நின்று, முன்சிறுகுடலின் கிடைப்பகுதி வழக்கமான இடத்தில் இல்லாமலும் இருந்தால் வால்டேயர் பள்ளம். போர்ட்டல் சிரைக்கும் கீழ்ப் பெருஞ்சிரைக்கும் நடுவே குடல்தாங்கி நுழைந்து, இரைப்பைக்குப் பின்னே வாயு நிரம்பிய குடல் தெரிந்தால் வின்ஸ்லோ துளை. அப்போது சீக்கம் அதன் இடத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கத் தவறாதீர்கள். கருப்பை ஒரு பக்கமாகவும் பெருங்குடலின் இறுதிப்பகுதி பின்னாலும் தள்ளப்பட்டு, இடுப்பறையில் சிறுகுடல் கொத்தாகத் தெரிந்தால் அகன்ற மடிப்பை ஐயுறுங்கள். குடல்தாங்கித் துளையில் பை இல்லாததால் கொத்து அவ்வளவு தெளிவாக இராது. விரிந்த சிறுகுடல் வயிற்றின் முன்சுவரோடு நேராக ஒட்டிக்கொண்டு, இடையே ஓமென்டக் கொழுப்பு காணப்படாமல், பெருங்குடல் நடுப்பக்கம் நகர்ந்திருப்பது அங்கே கிடைக்கும் தடயம். மாற்றுவழி அறுவையில் வழக்கமாக இடப்பக்கம் இருக்கும் குடல் இணைப்பு வலப்பக்கம் போயிருந்தாலும் ஐயம் கொள்ள வேண்டும்.

கடைசியாகக் குடலின் உயிரைப் பாருங்கள். சுவர் கான்ட்ராஸ்ட்டால் வெண்மையாகாமல் மங்கியிருப்பது, தடித்திருப்பது அல்லது காகிதம்போல மெலிந்திருப்பது, தாங்கியின் கொழுப்பில் மூட்டம், வயிற்றில் நீர், சுவருக்குள்ளோ போர்ட்டல் சிரையிலோ வாயு ஆகியவை ஐயத்திலிருந்து பேரிடர் வரை போகும் அடையாளங்கள்.

ஸ்கேன் இயல்பாக இருந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்டலாமா? மாற்றுவழி அறுவை செய்தவரிடம் கூடாது. வலி அடங்கிய நேரத்தில் எடுத்த படத்தில் குடல் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கலாம். காரணம் தெரியாத வலி தொடர்ந்தாலோ மீண்டும் மீண்டும் வந்தாலோ, சிறு துளை வழியே கேமராவைச் செலுத்தும் லேப்பராஸ்கோப்பி வழியாக உள்ளே பார்ப்பதே சரியான அடுத்த படி. கருவுற்ற பெண்ணிடமும் இதே கண்டிப்பு வேண்டும். குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில் வளரும் கருப்பை குடலை மேலே தள்ளுவதால் ஆபத்து கூடுகிறது. எம்.ஆர்.ஐ. உடனே கிடைத்தால் எடுக்கலாம். கிடைக்காவிட்டால் சி.டி.யை மறுப்பது தாயையும் குழந்தையையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளுகிறது.

அறுவைக்குத் தயார் செய்தல்

தயார் செய்வதும் அறுவைக்கு ஏற்பாடு செய்வதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். வாய்வழி உணவை நிறுத்தி, இரண்டு பெரிய ஊசிவழிகள் போட்டு, ரிங்கர் லாக்டேட் போன்ற சமச்செறிவுத் திரவத்தை ஏற்றுங்கள். சிறுநீர்க் குழாய் வைத்து, மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 0.5 மி.லி. சிறுநீராவது வருகிறதா என்று அளவிடுங்கள். சிறுநீர் வரத் தொடங்கியதும் பொட்டாசியக் குறைவை ஈடுசெய்யலாம். மூக்கு வழியே செலுத்தும் ரைல்ஸ் குழாயால் இரைப்பையை வடிப்பது வாந்தி நுரையீரலுக்குள் போவதைத் தடுக்கும். மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் இது உயிர் காக்கும் செயல். மாற்றுவழி அறுவை செய்தவருக்குச் சிறு பையும் இணைப்பும் இருப்பதால் அனுபவமுள்ளவர் மெதுவாகச் செலுத்த வேண்டும். ஒதுக்கப்பட்ட இரைப்பையை அந்தக் குழாய் எட்டாது என்பதையும் மறக்கக் கூடாது. அது பெரிதாக ஊதியிருந்தால் தனியே துளையிட்டு வடிக்க வேண்டிவரும். பல நாள் வாந்தி எடுத்திருந்தால் குளுகோஸ் ஏற்றுவதற்கு முன்பே தையமின் (வைட்டமின் பி1) ஊசி கொடுத்துவிடுங்கள்; இல்லையேல் குடலைக் காப்பாற்றிவிட்டு மூளையைப் பாதிப்புக்கு உள்ளாக்க நேரும். குடல் கிருமிகளுக்கும் காற்றில்லாச் சூழல் கிருமிகளுக்கும் எதிரான நுண்ணுயிர்க்கொல்லி, போதிய வலிநீக்கி ஆகியவற்றைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம்.

ஒட்டுத்தழும்பால் வரும் அடைப்பில், குடல் இறந்த அறிகுறி இல்லையெனில், 72 மணி நேரம் வரை அறுவையின்றிக் காத்திருக்கலாம் என்பது ஏற்கப்பட்ட நடைமுறை. நீரில் கரையும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கொடுத்து 24 மணி நேரத்தில் அது பெருங்குடலை எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனையும் அவர்களுக்கு உரியது. உட்குடலிறக்கத்தை ஐயுறும் நோயாளிக்கு இவ்விரண்டும் பொருந்தா. ரைல்ஸ் குழாய் வைத்தபின் வயிறு தணிந்து, வலியும் சற்றுக் குறைந்துவிட்டால் மனம் தளர்ந்து காத்திருக்கத் தோன்றும். அந்த நிம்மதியை நம்ப வேண்டாம். துளை அங்கேயேதான் இருக்கிறது.

அறுவை அரங்கில்

நோயாளியின் நிலை சீராக இருந்து, குடல் அதிகம் ஊதாமல், செய்பவருக்குப் பழக்கமும் இருந்தால் லேப்பராஸ்கோப்பி நல்ல வழி. ரத்த அழுத்தம் சரிந்தவரிடமும், வயிறு முழுதும் ஊதிய குடல் நிறைந்தவரிடமும் தயங்காமல் நடுக்கோட்டில் வயிற்றைத் திறப்பதே சரி. லேப்பராஸ்கோப்பியில் தொடங்கி இடையில் திறப்பதைத் தோல்வியாக எண்ணுவோரால் நோயாளிக்குக் கேடுதான் விளைகிறது.

எங்கிருந்து தொடங்குவது என்பதே முதல் கேள்வி. ஊதிய குடலைப் பிடித்து இழுக்காமல், வலக் கீழ் வயிற்றில் சீக்கத்தையும் அதனோடு சேரும் சிறுகுடல் முடிவையும் தேடிப் பிடியுங்கள். அங்கே குடல் சுருங்கிய நிலையில், கையாளத் தோதாக இருக்கும். அதிலிருந்து பின்னோக்கி, கைக்குக் கை மாற்றிக்கொண்டே போனால், குடல் தானாகவே துளையிலிருந்து வெளிவரும். மாற்றுவழி அறுவை செய்தவரிடம் முறுக்கும் அவிழ்ந்துவிடும். மேலிருந்து தொடங்கினால் எது எந்தக் கிளை என்பது குழம்பி, முறுக்கைக் கூட்டிவிடவும் வாய்ப்புண்டு. வயிற்றுக்குள் பால்போன்ற நீர் தென்பட்டால் தாங்கியில் நிணநீர்க் குழாய்கள் அழுந்தியிருக்கின்றன என்று பொருள். துளையைத் தேடி அதே திசையில் தொடருங்கள்.

குடல் வர மறுத்தால் இழுக்கக் கூடாது. ஊதிய குடலின் சுவர் எளிதில் கிழியும். முதலில் உள்ளிருக்கும் நீரையும் வாயுவையும் மெல்லிய ஊசியாலோ, கட்டுத் தையலிட்ட சிறு துளை வழியாகவோ வடித்துப் பாருங்கள். அதன்பின்னும் வராவிட்டால் துளையின் வாயை அகலப்படுத்த வேண்டும், ரத்தக் குழாய் இல்லாத பக்கத்தில் மட்டும். இங்கேதான் உடற்கூற்றியல் கைகொடுக்கிறது. லான்ட்சர்ட் பள்ளத்தில் முன் விளிம்பை வெட்டாமல், சிரைக்கு அப்பால் ரத்தக் குழாயில்லாத உள்ளுறையைத் திறக்கலாம். வேறு வழியே இல்லையெனில் கீழ்க் குடல்தாங்கிச் சிரையைக் கட்டிப் பிரிப்பதையும் உடல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வால்டேயர் பள்ளத்தில் அந்தச் சலுகை கிடையாது. முன் விளிம்பில் நிற்பது மேல் குடல்தாங்கித் தமனி. அதை வெட்டியவர் சிறுகுடல் முழுவதையும் இழக்கச் செய்கிறார். அங்கே விளிம்பைத் தொடாமல், வலப் பெருங்குடலையும் சீக்கத்தையும் அவற்றின் வெளிப்பக்க ஒட்டிலிருந்து விடுவித்து இடப்பக்கம் புரட்டிவிட வேண்டும். பை முழுவதும் திறந்து, சிறுகுடல் வலப்பக்கத்திலும் பெருங்குடல் இடப்பக்கத்திலும் என்று, கருவில் சுழலாத குடலின் அமைப்பில் நின்றுவிடும். அதனால் நோயாளிக்குக் குறையொன்றும் இல்லை.

வின்ஸ்லோ துளையின் விளிம்பு எதையும் வெட்ட முடியாது. முன்சிறுகுடலையும் கணையத்தின் தலையையும் வெளிப்பக்கத்திலிருந்து விடுவித்தால் வாயில் தளர்கிறது. தேவைப்பட்டால் இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் இடையே திறந்து, உள்ளிருந்து குடலை மெதுவாகத் தள்ளிவிடலாம். பின்னர் அந்தத் துளையைத் தைப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. போர்ட்டல் சிரையில் ரத்தம் உறையும் அபாயத்தை நினைத்து, தைக்காமல், அலைந்து திரியும் சீக்கத்தைப் பக்கச் சுவரில் பொருத்துவதோடு நிறுத்திக்கொள்வதையே நான் விரும்புகிறேன். அகன்ற மடிப்பில் உள்ள கிழிசலைத் தைக்கலாம், அல்லது முழுவதும் திறந்துவிடலாம். சிறுநீர்நாளமும் கருக்குழாயும் எங்கே என்று பார்த்த பின்னரே ஊசியை வைக்க வேண்டும். சீக்கத்தைச் சுற்றிய பள்ளங்களிலும் ஓமென்டத் துளையிலும் வேலை எளிது: விடுவித்து, வாயிலைத் திறந்துவிடுவதோ மூடுவதோ போதும்.

குடல் பிழைக்குமா

விடுவித்த குடல் கருநீலமாக இருந்தாலும் உடனே வெட்ட வேண்டாம். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் மூடி, நோயாளிக்கு ஆக்சிஜனைக் கூட்டி, ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்து 10 முதல் 15 நிமிடம் காத்திருங்கள். நிறம் சிவக்கிறதா, தாங்கியின் விளிம்பில் துடிப்பு இருக்கிறதா, தொட்டால் சுவர் சுருங்குகிறதா என்று பாருங்கள். இண்டோசயனின் பச்சைச் சாயத்தைச் செலுத்தி ஒளிரும் படம் பார்க்கும் வசதி இருந்தால் அதுவும் துணை செய்யும். கறுத்து, துர்நாற்றத்தோடு, துவண்டு கிடக்கும் குடலை அகற்றியே ஆக வேண்டும். முறுக்கிய நிலையிலேயே இறந்துவிட்ட குடல் என்றால், அவிழ்ப்பதற்கு முன் அதன் ரத்தக் குழாய்களைக் கவ்வியால் பிடித்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. தேங்கிய நச்சுப் பொருள்கள் ஒரேயடியாக உடலுக்குள் பாயாமல் இருக்க இது உதவும்.

ஐயத்துக்கு இடமான பகுதி நீளமாக இருந்தால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் குறுங்குடல் நோயை உண்டாக்காமல், உறுதியாக இறந்ததை மட்டும் எடுத்து, முனைகளை மூடி, 24 முதல் 48 மணி நேரத்தில் மீண்டும் வயிற்றைத் திறந்து பார்க்கலாம். பெரியவர்களுக்கு மீதமுள்ள சிறுகுடல் 200 செ.மீ.க்குக் குறைந்தால் உணவுச் சத்தை உறிஞ்சுவதில் நீடித்த சிக்கல் வரக்கூடும். ஆகவே வெட்டியதை அளப்பதைவிட மிஞ்சியதை அளந்து எழுதுவதே முக்கியம். ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியிடம் குடல் இணைப்பு செய்யத் துணியாமல், குடல் முனையை வயிற்றுச் சுவரில் திறப்பாக, அதாவது ஸ்டோமாவாக, வெளியே வைப்பது பாதுகாப்பு.

துளையை மூடுதல்

கரையாத நூலால், உள்ளுறையை மட்டும் மேலோட்டமாக எடுத்து, அடியில் ஓடும் குழாய்களைக் குத்தாமல், இடைவெளி விடாமல் தைக்க வேண்டும். பாதி மூடிய துளை முழுத் துளையைவிட மோசமானது, ஏனெனில் சிறிய வாய்க்குள் சிக்கிய குடல் விரைவில் நெரிபடும். ஒரு துளையைக் கண்டதோடு நிறுத்தாமல் மற்ற இடைவெளிகளையும் பார்த்து மூடுங்கள். மாற்றுவழி அறுவையின்போதே இடைவெளிகளை மூடுவதன் பயனை, ஸ்வீடனில் 2507 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது: மூன்று ஆண்டுகளில் சிறுகுடல் அடைப்புக்காக மறு அறுவை தேவைப்பட்டோர் 10.2 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைந்தனர். அதே ஆய்வில் தைத்தவர்களிடம் முதல் மாதத்துக்குள், குடல் இணைப்பு மடங்கியதால் வரும் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. எனவே தைக்கும்போது இணைப்பை இழுத்து மடக்காமல் பார்த்துக்கொள்வது தையலைப் போலவே முக்கியம்.

அறுவைக்குப் பின்

முதல் இரண்டு நாட்களில் நாடித் துடிப்பே சிறந்த காவலாளி. வலிநீக்கி கொடுத்தும் துடிப்பு இறங்காமல், லாக்டேட்டும் ஏறினால், இன்னும் ரத்தம் பாயாத குடல் உள்ளே இருக்கிறது அல்லது இணைப்பு கசிகிறது என்று எண்ணி மறுபடி திறந்து பார்க்கத் தயங்கக் கூடாது. கால் சிரையில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, சீக்கிரம் எழுந்து நடத்தல், குடல் ஓசையும் வாயுவும் திரும்பியதும் சிறிது சிறிதாக நீர் உணவு என்று வழக்கமான பராமரிப்பு தொடரும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு உணவைத் திடீரெனக் கூட்டினால் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரியும் என்பதால் நாள்தோறும் அளந்து ஈடுசெய்யுங்கள்.

அறுவைக் குறிப்பில் எந்தத் துளை, எத்தனை செ.மீ., எவ்வளவு குடல் உள்ளே இருந்தது, எந்த நூலால் எப்படி மூடப்பட்டது, எது மூடாமல் விடப்பட்டது, மிஞ்சிய சிறுகுடல் எவ்வளவு என்பனவற்றை எழுதி, அதன் படியொன்றை நோயாளியின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். உண்டபின் பழைய வலி திரும்பினாலோ, வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல் நின்றாலோ, அந்தத் தாளோடு நேரே அவசரப் பிரிவுக்கு வரும்படி அவரிடமும் உடனிருப்பவரிடமும் வாய்மொழியாகச் சொல்லுங்கள். அடுத்த முறை அவரைப் பார்க்கப்போகும் மருத்துவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.